பழைய மரச்சாமானை இழைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் வட்டாரத்துப் பழைய வீடுகள் பாகம் பிரிந்தும் இடிபட்டும் போகும்போது, ஊஞ்சல் பலகையும் பெட்டகமும் சாய்வு நாற்காலியும் பிரம்புக் கட்டிலும் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கின்றன. வந்த வேகத்தில் அவற்றைத் தச்சுப்பட்டறைக்கு அனுப்பி, இழைத்து, புதுச் சாமான் போலப் பளபளக்க வைத்துவிட வேண்டும் என்ற அவசரமே அவற்றுக்கு நேரும் முதல் கேடு. இழைத்து எடுத்துவிட்ட மேற்பரப்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மரம் எது, அதன்மேல் பூசியிருப்பது எது என்ற இரண்டும் தெரியும்வரை இழைப்புளியும் உப்புத்தாளும் அதன்மேல் படக் கூடாது.

நிறத்தைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவது மிகப் பரவலான தவறு. கறுத்திருந்தால் ஈட்டி (ரோஸ்வுட்), பழுப்பாக இருந்தால் தேக்கு என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். விளக்குப் புகையும், கையெண்ணெயும், பலமுறை மேலுக்கு மேல் பூசிய அரக்கும் சேர்ந்து எந்த மரத்தையும் ஒரே கறுப்பாக்கிவிடும். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் ஏற ஏறச் செம்பழுப்பாகி, பார்ப்பவரைத் தேக்கு என்று நம்ப வைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், கேரளப் பக்கத்தில், பலாவில் சாமான் செய்வது பெருவழக்கு. செங்கோட்டையோ 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஆகவே தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துச் சாமான்களைப் பார்க்கும்போது பலாவாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சரியான வழி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், பலகையின் குறுக்குவெட்டு முனையைக் கூரிய உளியால் நகத்தளவு சீவி, ஈரத்துணியால் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸால் பார்ப்பதுதான். தேக்கில் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். சீவிய இடம் தொட்டால் சற்றே மெழுகுத்தன்மையோடு இருக்கும். பதனிட்ட தோலை நினைவூட்டும் மணம் வரும். ஈட்டியில் துளைகள் அப்படி வரிசைப்படாமல் சிதறிக் கிடக்கும். ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். கனத்திலும் வேறுபாடு உண்டு: உலர்ந்த தேக்கு ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால், ஈட்டி 850 கிலோவை ஒட்டி வரும். வேங்கை என்று ஐயம் வந்தால், அதன் வைரப்பகுதிச் (நடுவே உள்ள கெட்டி மரம்) சீவலைக் கண்ணாடிக் குவளை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். நீரில் நீல மினுக்கம் தெரியும்.

இங்கே இன்னொரு தவறும் நேர்கிறது. இழுப்பறையின் பின்பலகையை மட்டும் சீவிப் பார்த்துவிட்டு, முழு அலமாரியும் அந்த மரம்தான் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியே தெரியும் முகப்புக்கு நல்ல மரத்தையும், உள்ளே மறையும் பலகைகளுக்கு மலிவான மரத்தையும் போடுவது பழைய தச்சர்களின் சிக்கனம். ஆகவே முகப்புப் பலகையின் விளிம்பையே தனியாகப் பார்க்க வேண்டும். ‘பர்மா தேக்கு’ என்று விற்பவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பர்மாவில் விளைந்தாலும் நம் மலையில் விளைந்தாலும் அது ஒரே இனம். வீட்டில் வைத்துக் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல இயலாது. விலையுயர்ந்த சாமான் என்றால், பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குச் சிறு துண்டை அனுப்பி மரத்தின் இனத்தை உறுதிசெய்துகொள்ளலாம்.

அடுத்து, மேற்பூச்சு. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சைச் சற்றுநேரம் ஒற்றினால், பூச்சு இளகிப் பிசுபிசுக்குமானால் அது அரக்குப் பாலிஷ். இது பெரிய நற்செய்தி. ஏனென்றால் புது அரக்கு பழைய அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும், சுரண்டி எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மென்மையான துணியால் அழுக்கை எடுத்து, தேய்ந்த இடங்களில் மட்டும் மெல்லிய அரக்கு ஏற்றி, தேன்மெழுகு தேய்த்தால் பெரும்பாலான ஊஞ்சல் பலகைகளுக்கும் பெட்டகங்களுக்கும் அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அந்த வகை இருபதாம் நூற்றாண்டில் வந்தது என்பதால், அதை எடுத்துவிடுவதில் பழமை ஒன்றும் போய்விடாது.

காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவுவதை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. தேக்கு அதில் கறுத்துப்போகும். பழைய பொருத்துகளில் இருக்கும் வச்சிரம் நீரிலும் சூட்டிலும் இளகும் பசை என்பதால் கழுந்துகள் (துளையில் செருகிய மர முனைகள்) ஆட்டம் கண்டுவிடும். இயந்திர உப்புத்தாளோ, கைக்கருவி விட்டுச்சென்ற மெல்லிய அலைகளையும், விளிம்பின் தேய்மானத்தையும், மேலே ஒட்டிய மெல்லிய தகட்டுப் பலகையையும் ஒரேயடியாகத் தின்றுவிடும். பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்ப்பது ஆபத்தானது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவே கூடாது.

இழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் யாரோ மேலே அடித்த பெயிண்ட் உரிந்து நிற்கும் அலமாரியையோ, மேற்பூச்சு முழுதும் போய் வெயிலில் வெளுத்த பெஞ்சையோ புதுப்பிப்பதில் தவறில்லை. பூச்சி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்: பழைய துளையின் உட்புறம் கறுத்திருக்கும், உயிருள்ள பூச்சியின் துளை வெளுத்து, கீழே மாவு கொட்டும். மருந்து வைக்காமல் மக்கு வைத்து அடைத்தால் பூச்சி உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் அடிக்கும்போது தென்காசிப் பக்கத்திலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வட்டாரம் முழுவதிலும் அரக்குப் பாலிஷ் ஈரத்தை வாங்கி வெள்ளை பூத்துவிடும்; மாசி, பங்குனியே ஏற்றது. அந்த வறட்சியில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் அதைப் பசையாலும் ஆணியாலும் இறுக்கிவிடக் கூடாது. மரம் குறுக்குவாட்டில் சுருங்கி விரியும் என்று அறிந்துதான் பழைய ஆசாரிகள் பலகையைச் சட்டத்தின் காடியில் (நீளப் பள்ளத்தில்) ஒட்டாமல் விட்டார்கள். இறுக்கினால் அடுத்த மழையில் பலகை உப்பிச் சட்டத்தின் பொருத்தை விலக்கும், அதற்கடுத்த கோடையில் பலகையே பிளந்துவிடும்.