மூன்றாம் வாரத்துத் தெள்ளு: நாய், பூனை வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், செங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து யாராவது ஒருவர் கணுக்காலைச் சொறிந்துகொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நமக்கு இதமாக இருப்பதைப் போலவே, நாய், பூனையின் மேல் ஏறி இரத்தம் குடிக்கும் தெள்ளுப் பூச்சிக்கும் இதமாக இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதன் புழுக்கள் காய்ந்து செத்துவிடும்; சாரல் மாதங்களில் அந்த நிலை இங்கு வருவதே இல்லை. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் 22 ஆண்டுகள் உதவியாளராக இருந்த நான், புதிதாக நாய் வளர்ப்பவர்கள் என் பழைய தவறுகளையே ஒன்று விடாமல் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன். படுக்கைத் துணியைத் துவைப்பது, வீட்டைப் பெருக்குவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாக எண்ணுவது

உண்ணி தோலில் கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருக்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பு நிறத்தில், மயிர்களுக்கு நடுவே ஓடும். விரலை வைப்பதற்குள் தாவிவிடும். உண்ணிக்கென்று வாங்கும் அமிட்ராஸ் கரைசல் தெள்ளுக்கு உரிய மருந்தன்று. பூனைக்கு அது ஆகவே ஆகாது. கண்ணில் படாத தெள்ளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாயின் வாலடியைப் பேன் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை நனைந்த வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறிப் படரும், ஏனென்றால் அது செரித்த இரத்தம்.

மலையாளத்தில் தெள்ளைச் ‘செள்ளு’ என்பார்கள். ‘செள்ளுப்பனி’ என்று அங்கே சொல்லும் காய்ச்சல் நாய்த் தெள்ளால் வருவதென்று அஞ்சி, புளியரைக்கு அப்பாலிருந்து ஒரு சேச்சி தன் நாயைக் கைவிடும் எண்ணத்தோடு என்னிடம் வந்தார். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதர்களில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம். நாயின் மேல் ஓடும் தெள்ளு அன்று. பெயர் ஒன்றாக இருப்பதற்காக நாயைத் தண்டிக்கக் கூடாது.

மூன்றாம் வாரத்தில் மருந்தை நிறுத்துவது

இந்தத் தவற்றை இன்று யார் செய்யக் கண்டாலும் எனக்குப் பொறுக்கவில்லை. காசு, உழைப்பு, நிம்மதி எல்லாவற்றையும் இது ஒருசேரக் கொண்டுபோகிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாட்டு நாய் ஒன்றும் பூனைகள் இரண்டும் இருந்தன. தெள்ளு கண்டதும் நாயின் பிடரியில் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை இட்டு, வீட்டின் முன்கட்டான தார்சாவையும் கூடமான பட்டாசலையும் கழுவிவிட்டேன். பத்து நாள் ஒரு தெள்ளும் இல்லை. மூன்றாம் வாரம் மறுபடியும் காலில் ஏறின. மருந்து போலி என்று முடிவுகட்டிக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். வேறு மருந்து வாங்கினேன். அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கினேன். நன்றாக இருந்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைத் தூக்கி எறிந்தேன். கடைசியாக வீட்டில் மருந்தடிக்கச் செய்து, பூட்டிப்போட்டால் எல்லாம் பட்டினியால் செத்துவிடும் என்று நம்பி, நாயையும் பூனைகளையும் கூட்டிக்கொண்டு புனலூரில் அக்கா வீட்டுக்குப் போய் 25 நாள் தங்கினேன். திரும்பி வந்து கதவைத் திறந்து தார்சாவில் கால் வைத்தேன். வெளிர் நிறச் சேலையின் கரையில் முதலில் நாலைந்து கருப்புப் புள்ளிகள் தெரிந்தன. பெட்டியை இறக்கி வைப்பதற்குள் முழங்கால் வரை ஏறிவிட்டன.

இது ஏன் நடக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மெத்தைகள் இன்றும் வீட்டில் இருந்திருக்கும். நாயின் மேல் நாம் பார்க்கும் தெள்ளு, வீட்டில் உள்ள மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை வழவழப்பானது என்பதால் மயிரில் ஒட்டாமல், நாய் படுக்கும் இடத்திலும் உடம்பை உதறும் இடத்திலும் உதிர்ந்துவிடும். பொரித்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கயிற்றுப் பாயின் அடியிலும், தரை வெடிப்பிலும், கட்டிலுக்குக் கீழும் ஒளிந்து, மேலிருந்து உதிரும் இரத்தக் கழிவைத் தின்று வளரும். பிறகு பட்டு நூல் போன்ற இழையால் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு பிசுபிசுப்பானது. தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டு, தரையில் கிடக்கும் மண் பொடியாகவே கண்ணுக்குத் தெரியும். எந்தப் பூச்சிமருந்தும் அதற்குள் சரியாக இறங்காது. சூடான ஈர வானிலையில் முட்டையிலிருந்து தெள்ளு வரை மூன்று வாரத்தில் முடிந்துவிடலாம். வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். காலடி அதிர்வு, உடல் சூடு, நாம் விடும் மூச்சு ஆகியவைதாம் அதற்கு வெளியே வரும் அழைப்பு. பூட்டிய வீட்டில் 25 நாள் காத்திருந்தவையெல்லாம் என் காலடி பட்டதும் ஒன்றாக வெளிவந்தன.

ஆகவே மூன்றாம் வாரத்தில் தெள்ளு தெரிவது மருந்து தோற்றதற்கு அடையாளம் அன்று. மருந்திடுவதற்கு முன்பே கூடு கட்டியிருந்தவை அப்போதுதான் வெளிவருகின்றன. அந்த நேரத்தில் மருந்தை நிறுத்துகிறவர் முதல் நாளுக்கே திரும்பிப் போகிறார். மருத்துவர் சொன்ன இடைவெளியில், மாதம் தவறாமல், குறைந்தது மூன்று மாதமாவது தொடர வேண்டும். பிராணியை வழக்கம்போல வீட்டுக்குள் நடமாட விட வேண்டும் என்பதைத்தான் பலரும் ஏற்க மறுக்கிறார்கள். மருந்து ஏறிய நாயின் மேல் தாவும் புதுத் தெள்ளு முட்டையிடுவதற்கு முன்பே செத்துவிடும். நாயே பொறியாக நின்று வீட்டைக் காலி செய்யும். போன ஆண்டு பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் இதற்கு நேர்மாறாகத் தன் நாயை மாமா தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, “அக்கா, நாயே இல்ல, இன்னும் கடிக்குதே” என்று வந்து நின்றார். நாய் இல்லாததால்தான் அவரைக் கடித்தன. நாயை அன்றைக்கே திரும்பக் கூட்டிவரச் சொன்னேன். மருந்திட்டு, தினமும் கட்டிலடியைப் பெருக்கி, கயிற்றுப் பாயைத் தட்டி, பெருக்கிய குப்பையை உடனே எரித்து வந்தார். ஆவணி முடிவதற்குள் அவர் வீடு சரியாயிற்று.

நாய் மருந்தைப் பூனைக்கு இடுவது

பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதுமான அளவு இல்லை. பிடரியில் சில சொட்டு விழுந்தாலே உடம்பு நடுங்கி வலிப்பு வரும். “கொஞ்சமா விட்டா ஒண்ணும் ஆகாது” என்று நாய்க்கு வாங்கியதில் மிச்சத்தைப் பூனைக்கு இட்டவர்கள், துண்டில் சுற்றிய பூனையைத் தூக்கிக்கொண்டு இரவில் ஓடி வந்ததை ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவற்றில் எல்லாமும் பிழைக்கவில்லை. மருந்துப் பொட்டலத்தில் பூனைக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும், எடையும் பொருந்த வேண்டும். தவறி இட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பால் அந்த இடத்தைக் கழுவி, நடுக்கம் வரும் வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் மருந்திடுவது

வீட்டில் நான்கு இருந்தால் நான்குக்கும், ஒரே நாளில்.

மயிரின் மேல் மருந்தை ஊற்றுவது

மயிரைப் பிளந்து தோலில் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது.

கைமருந்தை நம்பி நாளைக் கடத்துவது

மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பூண்டு நாய்க்கும் பூனைக்கும் இரத்த அணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. கற்பூரத்தையும் பாச்சை உருண்டையையும் படுக்கையில் வைப்பவர்கள், பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது எல்லாவற்றிலும் கொடியது.

குடற்புழுவை மறப்பது

தெள்ளின் புழு நாடாப்புழு முட்டையைத் தின்கிறது. வளர்ந்த தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போது நாடாப்புழுவும் உள்ளே போகிறது. நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டி நெளிவது அதன் துண்டுகளே. தெள்ளு மருந்தோடு பிராசிகுவான்டல் சேர்ந்த குடற்புழு மருந்தையும் மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். தெள்ளு இருக்கும் வரை அந்தப் புழு திரும்பத் திரும்ப வரும்.

பால்குடிக் குட்டிக்கு மருந்திடுவது

எட்டு வாரம் நிறையாத குட்டிக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் ஆகா. அதே குட்டியைத்தான் தெள்ளு சீக்கிரம் சாகடிக்கும், ஏனென்றால் அதன் உடம்பில் உள்ள இரத்தமே கொஞ்சம். மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக் குட்டியைப் படுக்க வைத்து, கழுத்திலிருந்து வால் வரை பேன் சீப்பால் மெல்ல வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள். சோப்பு கலந்திருந்தால் தெள்ளு மேலே மிதக்காமல் மூழ்கிவிடும். வாரி முடித்ததும் குட்டியின் உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் மறுநாளும் வாரலாம். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.