பழைய மாயக்கதைத் தொடர்களுக்குத் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லாருமே முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூட நாள்களில் லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்து, விளக்கை அணைத்த பிறகும் டார்ச் வெளிச்சத்தில் படித்த மாயக்கதைத் தொடர்களையும் அறிவியல் புனைகதைத் தொடர்களையும் மறுபடி படித்துப் பேசுவோம். பல வருடமாக இது நடக்கிறது. போன மாதம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளை, கிட்டத்தட்ட நான் செய்த வரிசையிலேயே, அவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பொடி எழுத்துப் பதிப்பை வாங்காதீர்கள், முடிவை முன்னாடியே தேடிப் படிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

மனதில் இருக்கும் முகத்தைப் புத்தகத்தின்மேல் ஒட்டுவது

உர்சுலா கே. லெ குவின் எழுதிய எர்த்ஸீ தொடரின் முதல் புத்தகம் 1968-இல் வந்தது. அதன் நாயகன் கெட், காண்ட் தீவில் ஆடு மேய்த்துத் திரியும் பையன். பதின்மூன்று வயதில் நான் படித்த பிரதியின் அட்டையில் வெளுத்த முகத்தோடு ஒருவன் நின்றான். இருபத்தைந்து வருடமாக என் மனதில் கெட் வெள்ளைக்காரனாகவே இருந்தான். மறுவாசிப்பின்போதும் முதல் தடவை அதே முகத்தை வைத்துக்கொண்டே படித்து முடித்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். கெட்டும் அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பாலான மக்களும் செம்பழுப்பு நிறம். அவனுடைய நண்பன் வெட்ச் கருநிறம். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக வருகிறவர்கள் கார்க் தீவுக்காரர்கள். கெட்டின் ஊரைக் கொளுத்த வந்த படை அவர்களுடையது.

நம்மைப் போன்ற நிறத்தில் ஒரு மந்திரவாதியை அந்த அம்மா எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் உட்கார்ந்து படித்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. 2004-இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கெட்டை வெள்ளைக்காரனாக்கினார்கள். லெ குவின் அதைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார். அந்தத் தொடர் செய்ததை நான் வருடக்கணக்காக என் மனதுக்குள்ளேயே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பாத்திரமும் முதன்முதலில் வரும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன்.

பிடித்த பாகத்திலிருந்து ஆரம்பிப்பது

வேண்டாம். அது அவ்வளவு பிடித்துப்போனதற்கு அதற்கு முந்தைய பாகங்கள்தான் காரணம்.

முதுகில் அச்சிட்ட எண்ணை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

2013-இல் வீடு மாற்றினோம். என்னிடம் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா மாயக்கதைத் தொடரின் ஏழு புத்தகங்களும் இருந்தன. பிரவுன் தாளில் அட்டை போட்டு, ஓரம் மஞ்சளாகி, இரண்டில் தையல் விட்டுப்போயிருந்தது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று பழைய பேப்பர் கடைக்காரரிடம் எடைக்குப் போட்டேன். புது வீட்டுக்கு வந்ததும் பளபளவென்று ஒரு பாக்ஸ் செட் வாங்கினேன். முதுகில் 1 முதல் 7 வரை எண் போட்டிருந்தது.

அந்தக் கோடை விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருந்தாள். நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு பத்தி படிப்பேன், தமிழில் சொல்வேன், அவள் கேட்பாள். எண் 1-லிருந்து ஆரம்பித்தேன். அது 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. நார்னியா உலகம் எப்படிப் பிறந்தது என்று சொல்லும் புத்தகம். ஒரு சூனியக்காரி லண்டன் தெருவிளக்குக் கம்பத்தின் குறுக்குக் கம்பியைப் பிடுங்குவாள். அப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் நார்னியாவில், அஸ்லான் என்ற சிங்கத்தின்மேல் அதை வீசுவாள். கம்பி மண்ணில் விழுந்து, செடிபோல முளைத்து, எரியும் விளக்குக் கம்பமாக வளரும்.

பத்து நாள் கழித்து இரண்டாம் எண்ணை எடுத்தேன். 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. லூசி என்ற சிறுமி காலி அறையில் நிற்கும் அலமாரியைத் திறக்கிறாள். இரண்டு பாச்சை உருண்டைகள் உருண்டு விழுகின்றன. ரோமக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். இன்னும் உள்ளே. காலடியில் ஏதோ நொறுங்குகிறது. பாச்சை உருண்டையாக இருக்கும் என்று குனிந்து தொடுகிறாள், சில்லென்று பனி. கோட்டு உரச வேண்டிய இடத்தில் மரக்கிளை உரசுகிறது. கொஞ்சத் தூரத்தில் வெளிச்சம். நடுக்காட்டில், கொட்டும் பனியில், தன்னந்தனியாக ஒரு தெருவிளக்கு.

அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சித்தி, இது அந்தக் கம்பி முளைச்சதுதானே?" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். புத்திசாலிப் பிள்ளை. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் வயதில் நான் அந்தப் பக்கத்தில் திகைத்துப்போய் நின்றிருக்கிறேன். காட்டுக்குள் விளக்கை வைத்தது யார், தினமும் ஏற்றுவது யார் என்று எங்கள் தெரு முனை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். விடை கிடைக்க நான்கு புத்தகம் தாண்டி வர வேண்டியிருந்தது. விடை வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் திகைப்பும் காத்திருப்பும் அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. மறுபடி படிக்க ஆயுசு முழுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த அலமாரிக்குள் ஒரு குழந்தை ஒன்றுமே தெரியாமல் நுழைய முடிவது ஒரு தடவைதான்.

நடந்தது என்ன என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். சி. எஸ். லூயிஸ் அலமாரிக் கதையை 1950-இல் வெளியிட்டார். அதற்கடுத்த நான்கு வருடத்தில் வருடத்துக்கு ஒன்றாக நான்கு புத்தகங்கள். நார்னியா பிறந்த கதை வந்தது 1955-இல், ஆறாவதாக. கடைசிப் புத்தகம் 1956-இல். 1957-இல் ஒரு அமெரிக்கச் சிறுவன் எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டு எழுதினான். கதைக் காலத்தின் வரிசையே தனக்கும் சரியாகப் படுகிறது என்று லூயிஸ் பதில் போட்டார். முதல் புத்தகத்தை எழுதும்போது தொடராக வளரும் என்றே தனக்குத் தெரியாது, ஆகவே வரிசை பெரிய விஷயமில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1994-இல் வந்த புதிய பதிப்புகள் அந்தக் கடிதத்தின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு எண்ணை மாற்றிவிட்டன.

கடிதம் இருக்கட்டும், புத்தகமே என்ன சொல்கிறது என்று பாருங்கள். அலமாரிக் கதையில் பீவர் தம்பதியின் வீட்டுக்குப் போகும் முன், அஸ்லான் என்ற பெயர் முதன்முதலாக வரும். அந்த இடத்தில் கதைசொல்லி வாசகரை நேராகப் பார்த்து, உங்களைப் போலவே இந்தப் பிள்ளைகளுக்கும் அஸ்லான் யார் என்று தெரியாது என்கிறார். ஒரு முழுப் புத்தகம் அந்தச் சிங்கத்தோடு பழகிவிட்டு வந்த குழந்தையிடம் இந்த வரியை எப்படிப் படிப்பது? நான் படித்தபோது அக்கா மகள், "எனக்குத் தெரியுமே" என்றாள்.

ஆகவே எந்தத் தொடரானாலும் உள்பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். ஆண்டு வரிசையை ஒரு தாளில் எழுதி, அதன்படி படியுங்கள். நீங்கள் அன்று வேறு வரிசையில் படித்திருந்தால் உங்கள் மறுவாசிப்புக்கு அந்த வரிசையை வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. குழந்தைக்குக் கொடுக்கும்போது மட்டும் வெளிவந்த வரிசைதான்.

பழைய பிரதியை எடைக்குப் போடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தே மாறியிருக்கலாம். சூனியக்காரியின் ஓநாய்க்குப் பிரிட்டிஷ் பதிப்பில் மாக்ரிம் என்று பெயர். பழைய அமெரிக்கப் பதிப்பில் அதுவே ஃபென்ரிஸ் உல்ஃப். பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' அமெரிக்காவில் 'தி கோல்டன் காம்பஸ்' ஆனது. அதே தொடரின் மூன்றாம் புத்தகத்தில் சில வரிகளை அமெரிக்கப் பதிப்பு வெட்டியது. விலங்குகளாக உருமாறிப் போரிடும் பிள்ளைகளைப் பற்றிய 1990-களின் 'அனிமார்ஃப்ஸ்' தொடரை 2011-இல் மறுபடி அச்சிட்டபோது அந்தக் காலத்துச் சங்கதிகளைப் புதுப்பித்தார்கள். புதிய பிரதியில் ஒரு வரியைத் தேடி, காணாமல், நம் நினைவுதான் தப்போ என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நினைவு பெரும்பாலும் சரிதான், மாறியது பதிப்பு.

இப்போது என் பாக்ஸ் செட்டின் ஏழு முதுகிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவால் வேறு எண் எழுதியிருக்கிறேன். போன மாதம் வந்த புதியவரில் ஒருவர் தன் மகளுக்காக இதே செட்டை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னும் பிரிக்கவில்லையாம். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தாள் ஒட்டச் சொன்னேன்.

அறிவியல் புனைகதையில் ஜோசியம் பார்ப்பது

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' சிறுவர் கதை அல்ல. ஆனாலும் 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வீட்டில் பெரியவர்கள் படித்து முடித்ததும் பிள்ளைகள் கைக்குத்தான் அது வந்தது. கிழித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. கதை நடப்பது 2020-களில். அதனால் இப்போது எடுக்கிறவர்கள் எல்லாரும் கையில் பட்டியலோடு உட்கார்ந்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டிக் அடிக்கிறார்கள். அரசு அனுமதி கொடுத்தால்தான் குழந்தை பெறலாம், பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு நாடு இருந்தால் அதற்குள் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்பது கதை. நாயகி நிலாவுக்கு மனிதர்களைவிட ஜீனோ என்ற இயந்திர நாய் நெருக்கமாவது ஏன் என்பது கதை. பட்டியலைத் தூர வைத்துவிட்டுப் படியுங்கள்.

ஒரே மூச்சில் முடிப்பது

'அனிமார்ஃப்ஸ்' 1996 முதல் 2001 வரை 54 புத்தகங்கள். 25-க்கு மேல் பெரும்பாலானவற்றை ஆசிரியருக்காக வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு புத்தகமும் புது வாசகருக்காகக் கதையை முதலிலிருந்து சொல்லும். மாதம் ஒன்று என்று காத்திருந்து படித்தபோது அது தெரியவில்லை. வரிசையாகப் பத்தைப் படித்தால் அலுத்துவிடும். இடைவெளி விடுங்கள். முடிவுக்கு வந்து சேருவது முக்கியம். போருக்குப் போன பிள்ளைகள் போன மாதிரியே திரும்புவதில்லை என்று பத்து வயதுக்காரர்களுக்கு எழுதத் துணிந்த முடிவு அது.

படத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது

பிறகு பாருங்கள்.

உறுத்தும் இடங்களைத் தாவிப் போவது

நார்னியாவின் தெற்கே காலோர்மென் என்ற நாடு. கறுத்த முகம், தாடி, தலைப்பாகை, வளைந்த வாள், கொடூரம். 1954-இல் வந்த 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' புத்தகத்தில் அதுதான் முக்கியக் களம். அக்கா மகளுக்குப் படித்தபோது அந்த வர்ணனைகளை விழுங்கிவிட்டேன். அது தப்பு. இரண்டு நாளில் அவளே ஒரு படத்தைப் பார்த்து, "இவங்க ஏன் எல்லாரும் நம்ம மாதிரி இருக்காங்க, கெட்டவங்களா?" என்று கேட்டாள். நான் விழுங்கியதால் அந்தக் கேள்வி நின்றுவிடவில்லை, தயாராக இல்லாமல் எதிர்கொள்ள வேண்டியதானது. அந்த எழுத்தாளர் வளர்ந்த நாட்டில், அந்தக் காலத்தில், நம்மைப் போன்றவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதே புத்தகத்தில் அரவிஸ் என்ற காலோர்மென் பெண்தான் எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்தவள் என்பதையும் பேசினோம்.

லூசியின் அக்கா சூசன் விஷயமும் அப்படித்தான். கடைசிப் புத்தகத்தில், அவளுக்கு இப்போது லிப்ஸ்டிக்கும் விருந்தும்தான் பெரிதாகிவிட்டது என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். ரயில் விபத்தில் அண்ணன், தம்பி, தங்கை, பெற்றோர் எல்லாரும் இறந்து, அவள் ஒருத்தி மட்டும் இந்த உலகத்தில் மிஞ்சுகிறாள். பத்து வயதில் அந்தப் பக்கத்தைச் சந்தோஷமாகத் திருப்பியிருக்கிறேன். இப்போது அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

அன்று பிடிக்காததை இன்றும் ஒதுக்குவது

எர்த்ஸீயின் மூன்றாம் புத்தகம் 1972-இல் வந்தது. நான்காவதான 'டெஹானு' 1990-இல், பதினெட்டு வருடம் கழித்து. பள்ளியில் அதை நாற்பது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தேன். பயணமில்லை, மந்திரச் சண்டை இல்லை. இரண்டாம் புத்தகத்தில் கல்லறைகளின் பூசாரியாக இருந்த டெனார் இப்போது பண்ணையில் வாழும் நடுவயது விதவை. தீயில் பாதி முகம் வெந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் சக்தி எல்லாம் தீர்ந்து திரும்பி வந்து, வெட்கத்தில் ஒளிந்து, மலையில் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான். கடலோடியாகப் போன மகன் வீடு திரும்பி, சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது பெண்கள் வேலை என்கிறான்.

அந்தச் சமையல்கட்டுக் காட்சியை நாற்பது வயதில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் கூட்டத்திலும் அநேகமாக எல்லாரும் மூன்றோடு நிறுத்தியவர்கள்தான். 'மூன்று புத்தகம்தான் அசல்' என்று வாதாடியவர்களும் உண்டு.

நீங்களும் அங்கே நின்றிருந்தால் நான்காவதை இந்த வாரமே எடுங்கள். 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று அட்டையில் இருந்தால் நம்ப வேண்டாம். லெ குவின் 2001-இல் இன்னும் இரண்டு வெளியிட்டார். முதலில் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' தொகுப்பு, அதன் பிறகே 'தி அதர் விண்ட்' நாவல். தொகுப்பில் உள்ள 'டிராகன்ஃப்ளை' கதையைப் படிக்காமல் நாவலுக்குப் போனால் ஐரியன் யார் என்று தெரியாமல் விழிப்பீர்கள்.