ஃப்ளாக் எனத்தைப் பார்த்தவுடன் புரிகிற மாதிரி எழுதுவது எப்படி?

ஒரே மாறியில் பல ஆம்/இல்லை விஷயங்களை வைக்க வேண்டுமென்றால் ஃப்ளாக் எனம் (flags enum, பெயர் வைத்த எண்களின் பட்டியல்) நல்ல வழி, ஒரு பெயருக்கு ஒரு பிட் (0 அல்லது 1 இருக்கும் ஓர் இடம்), அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் இரட்டித்து 1, 2, 4, 8 என்று எழுதிக்கொண்டே போய் 2048, 4096, 8192 வரை வந்துவிட்டால் அங்கேதான் கண் ஏமாறும். நான் ஒருமுறை பயனர் அனுமதிகளுக்கான எனத்தில் 4096க்குப் பதிலாக 4069 என்று தட்டிவிட்டேன். கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வாயே திறக்கவில்லை, ஏனென்றால் அதற்கு அது வெறும் எண். 4069ஐ பைனரியில் எழுதிப் பாருங்கள், ஒன்பது பிட்கள் 1 ஆக இருக்கும். அதாவது ஒரு அனுமதி கொடுக்கப் போய், சம்பந்தமே இல்லாத ஒன்பது அனுமதிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி சி ஷார்ப் (C#) நிரல் மொழியில் பார்ப்போம்.

முதலில், எண்களைக் கணக்குப் போட்டு எழுதாதீர்கள். இடப்பக்க ஷிஃப்ட் (<<, அதாவது 1ஐ இத்தனை இடம் இடப்பக்கம் தள்ளு) போடுங்கள்:

ஏதுமில்லை = 0,
படி = 1 << 0,
எழுது = 1 << 1,
அழி = 1 << 2,
பகிர் = 1 << 3

வலது ஓரம் 0, 1, 2, 3 என்று வரிசையாக இறங்குகிறது, நடுவில் ஒன்று விட்டுப்போனாலோ இரண்டு முறை வந்தாலோ உடனே தெரிந்துவிடும். இந்த மதிப்புகளை கம்பைல் ஆகும்போதே கணக்கிட்டுவிடுவதால் வேகமும் குறையாது. 2017இல் வந்த சி ஷார்ப் 7.0 பதிப்பிலிருந்து 0b0000_0100 என்று பைனரியாகவும் எழுதலாம், ஆனால் பிட்கள் கூடக்கூட பூஜ்ஜியங்களை எண்ண வேண்டியிருப்பதால் எனக்கு ஷிஃப்ட்தான் பிடிக்கும்.

அடுத்து, எனத்தின் தலையில் [ஃப்ளாக்ஸ்] ([Flags]) அட்ரிபியூட்டை, அதாவது கூடுதல் குறிப்பைப் போடுங்கள். அது மதிப்புகளைத் தானாக இரட்டிப்பாக்காது, பலர் அப்படி நினைத்து மதிப்பே கொடுக்காமல் விட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அது செய்வது, அச்சிடும்போது 3 என்று காட்டாமல் "படி, எழுது" என்று காட்டுவது. லாக் (நிரல் எழுதிவைக்கும் பதிவு) படிக்கும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம், அடிக்கடி சேர்ந்து வருபவற்றை | போட்டு இணைத்துத் தனிப் பெயர் வையுங்கள்:

திருத்துபவர் = படி | எழுது

இங்கே 3 என்று எழுதிவிடாதீர்கள், செய்த வேலையே வீணாகிவிடும்.

ஒரு பிட் இருக்கிறதா என்று சோதிக்க ஹேஸ்ஃப்ளாக் (HasFlag) போதும். திருத்துபவரைக் கொடுத்துக் கேட்டால் இரண்டு பிட்டும் இருந்தால்தான் உண்மை என்று வரும். ஆனால் ஏதுமில்லையைக் கொடுத்தால் எப்போதுமே உண்மை என்றுதான் வரும், ஆகவே அதற்கு மட்டும் == போட்டு ஒப்பிடுங்கள்.