எண்ணெய் தெறித்துவிட்டதா? முதலில் தண்ணீர்தான்

அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தாலோ, குக்கர் ஆவி கையில் அடித்தாலோ, அடுப்பை அணைத்துவிட்டு சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம் காட்டுங்கள். எரிச்சல் சீக்கிரமே அடங்கிவிட்டாலும் கையை எடுக்காதீர்கள், தோலுக்கு அடியில் சூடு இன்னும் இருக்கும். வெயில் நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும், அப்போது குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் தயவுசெய்து தடவ வேண்டாம், ஐஸ் கட்டியும் கூடாது. பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால் டாக்டர் அதைத் துடைத்தெடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும், அந்த வலி வேறு. அப்புறம், கொப்புளத்தை உடைக்காதீர்கள், சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகத்தில் பட்டது, சின்னக் குழந்தை என்றால் தண்ணீர் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.