ஆண்ட் கட்டளைக்குள் அடங்காத மாஸ்க்

மட்டக்களப்பு கல்லடியில் ஆர்ம் 64 வகைச் செயலிக்கான கொம்பைலரில், நிரலை இயந்திரக் கட்டளைகளாக்கும் பின்பகுதியைத் திருத்தியபோது எழுதி வைத்த குறிப்பு இது. 10ஆம், 21ஆம் பிட்டுகள் மட்டும் 1 ஆக உள்ள 32 பிட் மாஸ்குக்கு (எந்தப் பிட்டுகளை வைத்திருப்பது என்று காட்டும் மாறிலி), அதை இரு பாதியாக ஏற்றும் மூவ், மூவ்கே, இரு எண்களிலும் 1 ஆக உள்ள பிட்டுகளை மட்டும் விடும் ஆண்ட் என மூன்று கட்டளைகள் வந்தன. இரண்டே போதும்.

ஆண்ட் கட்டளையில் மாறிலிக்கு 13 பிட் இடம்தான். அதற்குள் அடங்க, 2, 4, 8, 16, 32 அல்லது 64 பிட் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரவேண்டும். துண்டுக்குள் 1கள் ஒரே தொடராக இருக்கவேண்டும், சுழன்று வந்தாலும் சரி. முழுக்க 0, முழுக்க 1 செல்லாது. 64 பிட்டில் 5334 மதிப்புகள் மட்டுமே தேறும்.

அதனால் மாஸ்க்கை இரண்டாக உடைத்தேன். முதலாவது, அடி 1இலிருந்து உச்சி 1வரை நிரப்பியது: 10 முதல் 21. இரண்டாவது, மூல மாஸ்குடன் அந்த எல்லைக்கு வெளியேயுள்ள எல்லாப் பிட்டுகளும்: 21 முதல் 31, சுழன்று 0 முதல் 10. இரண்டு ஆண்ட், மேலதிக ரெஜிஸ்ரர் (செயலிக்குள் எண்ணை வைக்கும் இடம்) தேவையில்லை. இரண்டாவது அடங்காவிட்டால் உடைக்காதீர்கள். ஒரே மூவில் உருவாகும் மாறிலியையும் விட்டுவிடுங்கள். ஆண்ட் லூப்புக்குள் என்றால் மாறிலியை ஏற்றும் கட்டளைகளை வெளியே தூக்கலாம், அதுதான் மலிவு.

என்னை அதிகம் அலைக்கழித்தது குறிநீட்சி, அதாவது உச்சிப் பிட்டையே மேலே நிரப்பி எண்ணை நீட்டுவது. 8 முதல் 31 வரையான மாஸ்க் 64 பிட் எண்ணாக நீண்டதும் 8 முதல் 63 ஆகிவிடுகிறது. ஆண்டுக்குள் அடங்குமா என்ற சோதனை தேறும், ஆனால் அந்த 13 பிட்டில் 64 பிட் துண்டைக் குறிக்கும் N பிட் 1 ஆகும். 32 பிட் கட்டளையில் அது செல்லாது. மேல் 32 பிட்டை அழித்து, கீழ்ப்பாதியை அங்கே பிரதிசெய்த பிறகே சோதிக்கவேண்டும்.