நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தை நம் ஊர்ச் செய்தியிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரியில் மாலை வேளைகளில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கான ஆங்கிலப் பகுதியைச் சொல்லித் தருகிறேன். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். பலர் முதல் நாளே தடித்த சொற்பட்டியல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதை மூடி வைக்கச் சொல்வதுதான் என் முதல் பாடம்.

தேர்வு எதைக் கேட்கிறது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எம்.பி.ஏ. தாளில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். பத்தியைப் படித்து விடையளிக்க ஒரு பகுதி, பிழையற்ற ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி. ஐ.ஐ.எம். நிறுவனங்களின் கேட் தேர்வில் கடந்த சில ஆண்டுகளாக ஆங்கிலத்துக்கு 40 நிமிடம், 24 கேள்விகள். அவற்றில் 16 கேள்விகள் நான்கு நீண்ட பத்திகளிலிருந்து வருகின்றன. தனிச்சொல்லுக்குப் பொருள் தெரிந்ததால் மட்டும் கிடைக்கிற மதிப்பெண் மிகக் குறைவு. கட்டுரையாளர் எதை நிறுவப் பார்க்கிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார், எங்கே திரும்புகிறார் என்று பின்தொடரத் தெரிந்தவருக்கே விடை பிடிபடுகிறது.

ஆகவே முதல் சில வாரங்கள், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களை மட்டும் ஆங்கிலத்தில் படியுங்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஏற்றுமதி, குளிர்காலத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து ஓசூர் வனக்கோட்டத்துக்கு வரும் யானைக் கூட்டம், காவிரி நீரைக் குழாய்வழி தரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் எனப் பொருளுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு ஏறக்குறைய 4,200 ஆண்டுப் பழமையானது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டபோது வந்த ஆங்கிலக் கட்டுரைகள் மிக நல்ல பயிற்சி. சான்று எது, அதிலிருந்து அடைந்த முடிவு எது என்று அவற்றில் தனித்தனியாகப் பார்க்கலாம். நடந்தது என்னவென்று முன்பே தெரிந்திருப்பதால், எழுதியவர் அதை எப்படி அடுக்குகிறார் என்பதில் கண் நிற்கும். அரசியல் தத்துவம் பற்றிய கட்டுரையோடு தொடங்கினால் பொருளும் புரியாது, மொழியும் புரியாது. ஒரே வாரத்தில் மனம் விட்டுப்போகும்.

படிக்கும்போது ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்துங்கள். அந்தப் பத்தி கட்டுரையில் என்ன வேலை செய்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ‘கருத்தை வைக்கிறார்’, ‘எதிர்ப்பக்கத்தை ஒப்புக்கொள்கிறார்’, ‘காரணம் தருகிறார்’ என்ற அளவு போதும். தமிழில் எழுதுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. சிந்தனை தெளிவாக இருந்தால் விடை ஆங்கிலத்தில் தானாகத் தெரியும்.

வகுப்புக்காக நான் எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு கட்டுரையைச் சொல்கிறேன். முதல் பத்தி: வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகள் ஊரைக் காப்பாற்றின. இரண்டாம் பத்தி ‘ஹவ்எவர்’ (‘ஆனாலும்’) என்று தொடங்குகிறது: பாறையிலுள்ள ஃபுளோரைடு அந்த நீரில் கரைந்து வந்தது. மூன்றாம் பத்தி: குழாய்வழி வந்த காவிரி நீர் பெரும் ஆறுதல், ஆனாலும் தண்ணீர் வராத நாள்களில் மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்புகிறார்கள். கட்டுரையாளரின் கருத்து எது என்பது கேள்வி. விடைகள்: (அ) திட்டம் தோற்றுவிட்டது. (ஆ) திட்டம் பயனுள்ளது, ஆனால் தண்ணீர் தவறாமல் வந்தால்தான் முழுப்பயன். (இ) ஆழ்துளைக் கிணறுகளை எல்லாம் மூட வேண்டும். (ஈ) ஃபுளோரைடு மிகுந்த நீர் குழந்தைகளின் பற்களைக் கறையாக்கும்.

கடைசி வரியில் குறை சொல்லியிருப்பதால் சிலர் (அ) என்பார்கள். ‘ஆறுதல்’ என்ற பகுதியை அவர்கள் விட்டுவிட்டார்கள். (இ) அளவுக்கு மீறிப் போகிறது. ‘எல்லாம்’, ‘ஒருபோதும்’, ‘மட்டுமே’ என்று வரும் விடைகளை இரண்டாம் முறை பாருங்கள். நம் பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுவது (ஈ). அது உண்மை. பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த உண்மை. ஆனால் கட்டுரையில் அது இல்லவே இல்லை. தெரிந்த விஷயத்தைப் படிப்பதில் உள்ள ஒரே ஆபத்து இதுதான்: நம் அறிவு பத்திக்குள் புகுந்துவிடும். எந்த விடையைத் தேர்ந்தாலும் அதற்கு ஆதாரமான வரியில் விரலை வைத்துக் காட்டச் சொல்கிறேன். வைக்க இடமில்லை என்றால் விடை தவறு. விடை (ஆ).

விரலை வைத்துக் காட்டும் பழக்கம் நிலைத்த பிறகு அந்நியமான பொருள்களுக்குப் போங்கள். ஏயான் என்ற இணைய இதழ் தத்துவம், உளவியல், வரலாறு பற்றிய நீண்ட கட்டுரைகளைக் கட்டணமின்றித் தருகிறது. கேட் பத்திகளின் நடைக்கு மிக அருகில் இருக்கும். முழுக் கட்டுரையும் வேண்டாம், ஒரு நாளைக்கு 500 சொற்கள் அளவில் ஒரு பகுதி போதும். கடிகாரத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். சரியாகப் படிக்கத் தெரிந்தபின் வேகம் கூடும். வேகத்தை முதலில் பிடித்தால் சரியாகப் படிப்பது பின்னால் வருவதில்லை.

இனிச் சொற்கள். முதலில் இணைப்புச் சொற்களைக் கையில் எடுங்கள். ‘நெவர்த்லெஸ்’, ‘ஆல்பியிட்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ போன்றவை (‘ஆனாலும்’, ‘இருந்தபோதிலும்’ என்ற வகைச் சொற்கள்) பத்தியின் திசையையே மாற்றுபவை. அடுத்து, எழுதியவரின் தொனியைக் குறிக்கும் சொற்கள்: ஐயத்தோடு பார்ப்பவர் ‘ஸ்கெப்டிகல்’, இரு மனமாக இருப்பவர் ‘ஆம்பிவேலன்ட்’, பொருட்படுத்தாமல் தள்ளுபவர் ‘டிஸ்மிஸிவ்’. தொனி பற்றிய கேள்வியில் பத்தி புரிந்தும் இந்தச் சொற்கள் தெரியாமல் மதிப்பெண்ணை விட்டவர்கள் நிறைய. அபூர்வச் சொற்களுக்கு இவற்றுக்குப் பிறகுதான் இடம்.

குறிப்பேட்டில் சொல்லையும் பொருளையும் மட்டும் எதிரெதிரே எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். ‘மிட்டிகேஷன்’ என்ற சொல் ஒகேனக்கல் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்று ஒருமுறை பொருத்திப் பார்த்தவர் மறப்பதில்லை. இதே ஒலியில் ‘மிலிட்டேட்’ வந்து குழப்பும். அதன்பின் பெரும்பாலும் ‘அகெய்ன்ஸ்ட்’ வரும். ஒன்றுக்கு எதிராகச் செயல்படுவது என்று பொருள். வாக்கியத்தோடு எழுதியிருந்தால் இரண்டும் கலக்காது. அகராதியைப் பத்தி முடிந்த பிறகே திறவுங்கள். தேர்வு அறையில் அகராதி இல்லை. முன்பின் வரிகளைக் கொண்டு ஊகிக்க இப்போதே பழகியாக வேண்டும்.

சரியாகப் படிக்கப் பழகிய பிறகு, வாரம் ஒரு நாள் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள். டான்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். கேட் தேர்வில் சரியான விடைக்கு 3, தவறான கொள்குறி விடைக்கு 1 கழிவு. நான்கில் இரண்டை நீக்க முடிந்தால் துணிந்து எழுதலாம், ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் மதிப்பெண்ணைக் கூட்டுவதைவிட, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தவறான விடை ஏன் கவர்ந்தது என்று ஒரு வரி எழுதுவது முக்கியம். ‘அளவு மீறியது’, ‘பாதி உண்மை’, ‘பத்தியில் இல்லாதது’ என்ற மூன்றுக்குள் பெரும்பாலானவை அடங்கும்; எது அதிகம் என்று எண்ணினால் அடுத்த வாரம் எதில் உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதுச் சொல் எதையும் சேர்க்காதீர்கள். குறிப்பேட்டில் உள்ள வாக்கியங்களை மட்டும் காலையில் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.