விமானம் இறங்கிய கையோடு ரயில்: முன்பே டிக்கெட் போடலாமா?

விமான டிக்கெட் உறுதியான மறுநாளே ஊரிலிருந்து போன் வந்துவிடும். "மெட்ராஸ்ல இறங்கி எதுல வர்றீங்க? ரயிலுக்குப் போட்டாச்சா?" திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தப்பா ஒவ்வொரு முறையும் கேட்பது இது. வெளிநாட்டில் இருந்து பழகிய நமக்கு அதோடு இன்னொரு ஆசையும் சேர்ந்துகொள்ளும்: சீக்கிரம் எடுத்தால் மலிவாகக் கிடைக்குமோ?

கிடைக்காது. முந்தி வாங்குகிறவருக்கு விலை குறைவு என்ற கணக்கே நம்மூர் சாதாரண எக்ஸ்பிரஸ்களில் இல்லை. 60 நாள் முன்னால் எடுத்தாலும் 2 நாள் முன்னால் எடுத்தாலும் பொது ஒதுக்கீட்டில் ஒரே கட்டணம்தான். வேடிக்கை என்னவென்றால், தள்ளுபடி கிடைப்பது கடைசியில் வருகிறவருக்கு. பயணிகள் பட்டியலான சார்ட் போட்ட பிறகும் காலியாகக் கிடக்கும் இடங்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைப்பார்கள் என்று 2017-இல் விதி வந்தது. ஆனால் தென் மாவட்ட ரயிலில் இடம் காலியாகக் கிடக்கும் என்று நம்பி யார் பெட்டி கட்டுவார்கள்? மூத்த குடிமக்கள் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அப்பா அம்மாவுக்குக் குறைந்த கட்டணம் என்று பழைய கணக்குப் போடாதீர்கள். 2025 தீபாவளியை ஒட்டி, போய்வரச் சேர்த்து எடுத்தால் திரும்பும் பயணத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு திட்டம் வந்தது. அதன் நிபந்தனை: ரத்து செய்தால் பணம் திரும்பாது, தேதியும் மாற்ற முடியாது. விமானத்தை நம்பி வருகிறவருக்கு அது தோதுப்படாது.

ஆகவே மலிவை மறந்துவிடுங்கள். நாம் முன்பதிவு செய்வது படுக்கைக்காக. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு பொங்கலுக்கு முன் ஜனவரி 12-ஆம் தேதி மாலை சென்னையில் இறங்க வேண்டியது. அன்று இரவே தாம்பரத்தில் ரயில். மூன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று தைரியமாகப் போட்டுவிட்டேன். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். குடியேற்ற வரிசை பாம்பாக வளைந்து நின்றது. எங்கள் நான்கு பெட்டிகளில் மூன்று சீக்கிரம் வந்துவிட்டன. சிவப்பு நாடா கட்டிய நான்காவது மட்டும் பெல்ட் காலியாகும்வரை வரவில்லை. டாக்ஸி பல்லாவரத்தில் ஊர்ந்தது. படியேறி நடைமேடையைப் பார்த்தபோது, ரயிலின் கடைசிப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் பெருக்கல் குறி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று பேருக்கு மூன்றடுக்கு ஏசியில் போனது ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். அதை விமானச் செலவோடு சேர்த்து மறந்துவிடலாம். ஆனால் பொங்கல் முடியும்வரை எந்த ரயிலிலும் ஓர் இடம்கூட இல்லை. அதுதான் வலித்தது.

விமானம் தாமதமானதற்கு ரயில்வே பொறுப்பேற்காது. அடுத்தடுத்த இரண்டு ரயில் டிக்கெட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வசதி உண்டு, முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் அதற்கு வழி இருக்கிறது. விமானத்துக்கும் ரயிலுக்கும் இடையே அப்படி ஒரு முடிச்சு கிடையாது. எனவே இடைவெளியை நாம்தான் விட வேண்டும். விமானம் இறங்கும் நேரத்திலிருந்து ரயில் கிளம்பும் நேரம்வரை குறைந்தது ஆறு மணி நேரம் என்பது என் கணக்கு. வழியில் விமானம் மாறி வருகிறவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு தாண்டி இறங்குகிறவர்களுக்கு, விடியற்காலை எழும்பூரிலிருந்து நாகர்கோவில் போகும் வந்தே பாரத் கண்ணில் படும். ஆசை காட்டும், வேண்டாம். பிற்பகலில் கிளம்பும் திருநெல்வேலி வந்தே பாரத்தோ, மதுரைக்காரர்களாக இருந்தால் வைகையோ நிதானமானது. இரவுப் படுக்கைதான் வேண்டும் என்றால் பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் என்று வரிசையாக இருக்கின்றன. பகல் முழுக்க உறவினர் வீட்டில் தூங்கிவிட்டு ஏறலாம். மாலையில் இறங்குகிறவர்கள் அன்றிரவே கிளம்ப நினைக்காதீர்கள். ஒரு ராத்திரி சென்னையில் தங்கிவிட்டு மறுநாள் போங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வந்து தெற்கே போகும் ரயிலைப் பிடிக்க எழும்பூர் வரை வடக்கே போய்த் திரும்ப வேண்டியதில்லை. அந்த ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும், சில அங்கிருந்தே கிளம்பும். பெட்டி குறைவாக இருந்தால் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினாலும் போதும். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்தாலும் ஏறும் நிலையம் தாம்பரம் என்று பதிவு செய்யும்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள். அப்படி மாற்றாமல் தாம்பரத்தில் போய் நின்றால், எழும்பூரில் நீங்கள் ஏறவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். கோவை, சேலம் பக்கம் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய ரயில்கள் பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்துதான். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராக அங்கே போகிறது.

சரி, எப்போது போடுவது? முன்பு பயணத்துக்கு 120 நாள் முன்னாலேயே முன்பதிவு திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். இந்திய நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். சிங்கப்பூரில் அப்போது 10:30, கோடையென்றால் லண்டனில் விடியற்காலை 3:30, டொரண்டோவில் முந்தைய நாள் இரவு 10:30. பண்டிகை நாளுக்கு அலாரம் வைத்து எழுந்தே ஆக வேண்டும். மற்ற நாட்களில், அதுவும் வார நடுவில், இவ்வளவு பதற்றம் தேவையில்லை. ஆனாலும் போட்டு வையுங்கள். திட்டம் மாறினால் பல நாள் முன்பே ரத்து செய்தால் சிறு தொகைதான் கழியும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கத்தான் கால்பங்கு, பாதி என்று பிடிப்பார்கள், பிறகு ஒன்றும் திரும்பாது.

'இறங்கிவிட்டுத் தத்கலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் நண்பர்கள் பழைய காலத்தில் இருக்கிறார்கள். 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தத்கல், அதாவது கடைசி நேர ஒதுக்கீட்டு டிக்கெட், எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பலரிடம் ஆதாரே இருக்காது. மேலும் உறுதியான தத்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஊரில் உள்ள உறவினர் தம் கணக்கிலிருந்து உங்களுக்குப் போட்டுத் தரலாம், அதில் தவறில்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு தம் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துத் தருகிற ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள்.

60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் காலி இருந்தால் கீழ்ப் படுக்கை தானாகவே ஒதுக்கப்படும். வயதைச் சரியாகப் போடுங்கள். ரயிலில் அடையாளத்துக்கு அசல் பாஸ்போர்ட் போதும்.

எல்லாம் தவறிப்போனால் கிளாம்பாக்கம். தாம்பரம், வண்டலூர் தாண்டியதும் புதிய பேருந்து முனையம், தெற்கே போகும் பஸ்கள் அங்கிருந்துதான். அந்தப் பொங்கலுக்கு நாங்களும் கடைசியில் பஸ்ஸில்தான் போனோம், விடிய விடிய முழங்கால் இடிக்க.

அப்புறம் தேதி. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கனடாவிலிருந்து 10-ஆம் தேதி இரவு கிளம்பினால் சென்னையில் கால் வைக்கும்போது 12 பிறந்திருக்கும். நள்ளிரவு 1 மணிக்கு இறங்கிவிட்டு அன்றிரவு ரயில் என்று நினைத்து முந்தைய தேதிக்குப் போட்டவர்கள் உண்டு. டிக்கெட்டையும் விமான நேரத்தையும் ஊருக்கு வாட்ஸப்பில் அனுப்பி ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். என் சித்தப்பா காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு அந்த வேலையை மகிழ்ச்சியாகச் செய்வார்.